வீரய்யா பார்க்காத திருப்பம்

ரெங்கம்மா அடுப்புச் சாம்பலைத் துணியில் தொட்டு, வண்டி லாந்தரின் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்குச் சுத்தமில்லாத வண்டிக்காரனுக்கு இனி வண்டியோட்ட உரிமமான பித்தளை வில்லை கிடையாது என்று கம்பனி சொல்லிவிட்டது. வில்லை இல்லாவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் கம்பனியின் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் இந்த ஒற்றை அறையும் இல்லை. அவள் புருஷன் வீரய்யா தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி, விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசைகட்டி நிற்கவேண்டியதுதான்.

"இன்னைக்குத்தானே கிளாக்கரையா வண்டியில ஏறி வந்து பாக்கப் போறாரு? கண்ணைத் தொறந்து வச்சிக்கங்க" என்றாள்.

"எம் மாடு தொறந்து வச்சிருக்கும்" என்றான் வீரய்யா.

ரயில் மலைமேலுள்ள அப்புத்தளைக்கு வந்து பதினைந்து வருஷம். அதில் பதினோரு வருஷமாக அவன் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றி வந்து, அரிசி மூட்டைகளோடு பெரகல வழியாகத் தோட்டங்களுக்கு இறங்குகிறான். ஏற்றத்தில் மாட்டோடு மாடாக நடப்பான். இறக்கத்தில் பிரேக் கட்டையை இறுக்கிவிட்டு மூட்டைமேல் சாய்வான். மூடுபனி வந்து போர்த்தும். அச்சு முனகும் சத்தம் தூரமாகப் போகும். பிறகு அந்த ஊர் வரும்.

மேடு பள்ளமே இல்லாத ஊர். நீலக் கதவு போட்ட ஒரு வீடு. உள்ளே ஒரு பெரியவர் எப்போதும் கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருப்பார். அவர் மகள் புஷ்பம், "வாங்க மாமா" என்று செம்பில் தண்ணீர் தருவாள். பெரகலக் கடைவாசல் நாய்கள் குரைத்ததும் வீரய்யா விழித்துக்கொள்வான். அடுத்த நடையில், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆரம்பத்தில் ரெங்கம்மா அதைப் பேய் என்றாள். மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். இரண்டு வருஷம் போனபின், அவன் வந்து துண்டை உதறுமுன்பே, "அந்தப் பெரியவருக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்கத் தொடங்கினாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. நலம் விசாரிக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். இப்போது புஷ்பத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

போன மாசம் இன்னொருவனின் வண்டி, ஓட்டியவன் தூக்கத்தில், பள்ளத்தில் உருண்டு ஒரு மாடு செத்தது. அதன்பிறகுதான் சனிக்கிழமைதோறும் கொட்டகையில் பாடம். கம்பனிக் கிளாக்கர் சிதம்பரநாதன் சட்டத்தை வாசிப்பார். இருபது வண்டிக்காரர்களும் திருப்பிச் சொல்வார்கள். இறக்கத்தில் இறங்கி மாட்டின் தலைப்பக்கம் நடப்பேன். வண்டியில் தூங்கமாட்டேன்.

"கிளாக்கரையா, மாடுகளையும் கூப்பிட்டிருக்கலாமே. ரோடு தெரிஞ்சது அதுகளுக்குத்தானே" என்றான் ஜௌபர் என்ற வண்டிக்காரன்.

"உனக்கு முந்தி அதுக பாஸ் பண்ணிரும். அதான் கூப்பிடல" என்றார் கிளாக்கர்.

கொட்டகை சிரித்தது. வீரய்யாவும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

சோதனை நாளான அன்று கிளாக்கர் குடையோடு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். வீரய்யா நுகத்தில் கைவைத்து முன்னால் நடந்தான். பனிக்குள் மாடுகளின் கொம்பு மட்டும் தெரிந்தது. மூன்றாம் திருப்பத்தில் மாடுகள் நின்றன.

"ஏன் நிக்குது?"

"தெரியலீங்களே ஐயா."

அதட்டினான். மாடுகள் அவனைச் சட்டைசெய்யாமல் வண்டியைத் தாங்களே ஓரம்கட்டின. பாறையிடுக்கிலிருந்து ஓர் ஊற்று கல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து குடித்தன. தொட்டியின் விளிம்பு மாட்டுக் கழுத்து உரசி உரசி வழவழப்பாகியிருந்தது.

"அட, இங்க தண்ணி இருக்கா!" என்றான் வீரய்யா.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

கிளாக்கர் குடையை மடக்கினார். "பதினோரு வருஷம், வீரய்யா."

"ஆமாங்க."

"ஒருதடவைகூடப் பாத்ததில்லையா?"

வீரய்யா மாட்டின் திமிலைத் தடவிக்கொண்டு நின்றான். குடித்து முடித்த மாடுகள் சொல்லாமலே நடந்தன.

பெரகல வந்ததும் கிளாக்கர் குடையை ஊன்றி இறங்கினார். பையிலிருந்து வில்லையை எடுத்தார். "சட்டப்படி இதை உனக்குக் குடுக்கக்கூடாது. இன்னைக்கு நடந்தே வந்தியே, அதுக்காகத் தர்றேன். இனிமே அந்தத் தொட்டிக்கிட்ட ஓர் ஆள் நிப்பான். உன்னை மூட்டைமேல பாத்தான்னா, வில்லை கழண்டுரும்."

வீரய்யா கையில் கட்டிக்கொண்டான்.

அதிலிருந்து நடக்கிறான். எந்தத் திருப்பத்தில் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே மண் சரிகிறது என்றெல்லாம் தெரிந்துகொண்டான். வீட்டுப் பாயில் படுத்தால் கட்டையாகத் தூங்கினான்; அதில் எந்த ஊரும் வரவில்லை. முதல் வாரம், ரெங்கம்மா கேட்டாளே என்று ஒன்றைக் கட்டிச் சொன்னான்.

"பெரியவரு கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாரு."

"அந்த வீட்டுல கிணறு ஏது? ஆத்துத் தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்புறம் அவன் கட்டிச் சொல்லவில்லை.

மூன்று மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ரெங்கம்மா சிமினியைத் துடைத்து முடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீரய்யா வில்லையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, புஷ்பத்துக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்குமா?"

அவன் முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட்டான்.

"நம்மளைக் கூப்பிடாமயா வச்சிருப்பாங்க?" என்றான்.

"அதானே" என்றாள் ரெங்கம்மா. பிறகு லாந்தரை எடுத்துக்கொண்டு, வண்டியில் மாட்ட வெளியே போனாள்.