ஓவன் முன்னால் ஒரு கோலம்

எனக்கு மாப்பிள்ளையோடு நேரே பேசி வழக்கமில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, நல்ல மனுஷன்தான். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தவரிடம் காபி வேண்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அன்றைக்கு வராத சத்தம் பன்னிரண்டு வருஷமாகியும் வரவில்லை.

சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். மகள் வெளியே போயிருந்தால் ஃப்ரிட்ஜிடம் சொல்வேன். "சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கு" என்று ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னால் ஹாலில் இருப்பவர் காதில் விழும். அவரும் டிவியைப் பார்த்து "சரி" என்பார். நான் ஐந்தாம் வகுப்பு, அவர் எத்தனையோ படித்தவர். ஃப்ரிட்ஜும் டிவியும் நடுவில் இருந்ததால் ஒரு குறையும் இல்லாமல் குடும்பம் நடந்தது, அந்த ஓவன் வருகிற வரைக்கும்.

மகள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸை மூடிவிட்டார்கள். மூன்று மாசம் வீட்டில் தலைகூட ஒழுங்காக வாராமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் பெசன்ட் நகரில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று போய், அவர்களுடைய பழைய ஓவனைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கேக் செய்து விற்கப் போகிறாளாம். முதல் கேக் நடுவில் குழிந்துபோயிற்று. இரண்டாவது கருகியது. மூன்றாவது உப்பி வந்தபோது, மகள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு "அம்மா, வா வா, எழுந்திருக்குது பாரு" என்று கூப்பிட்டாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு அடையாறில் இரண்டாவது மாடி. சமையல் மேடையில் கிரைண்டருக்கே இடம் போதாது. அதனால் சமையலறையிலிருந்து துணி காயப்போடுகிற பால்கனிக்குப் போகிற நடையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பலகை மேல் ஓவனை வைத்தாயிற்று. கதவு சரியாக முட்டி உயரம். லாரியின் பின்பலகை மாதிரி கீழ்ப்பக்கமாகத் திறக்கும். ஸ்டவ் என்றால் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். குக்கர் என்றால் கத்தும். இந்த ஓவன் கொதிக்கும்போதும் ஒரே முகம், ஆறிக் கிடக்கும்போதும் ஒரே முகம். வீட்டுக்குள் அப்படி ஒரு சாமான் இருப்பது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

முதலில் சுட்டுக்கொண்டவள் மகள். கேக்கை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது கதவின் விளிம்பு பட்டு, முன்கையில் ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு. எல்லாருக்கும் தெரிந்து அடுத்தது மாப்பிள்ளை. அவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சட்டை மட்டும் ஆபீஸ் சட்டை. கீழே முட்டி தெரிகிற டிராயர். அதைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. பால்கனியில்தான் போன் நன்றாகக் கேட்கிறது என்று, காதில் போனை வைத்துக்கொண்டு அந்த நடையில் போவார், வருவார். ஒரு நாள் பேச்சு மும்முரத்தில் நின்று, முட்டியை ஓவன் கதவில் சாய்த்துவிட்டார்.

"ஐயோ அம்மா!"

போனுக்குள்ளிருந்து நாலைந்து பேர் இங்கிலீஷில் பதறினார்கள். நான் இட்லி மாவுப் பாத்திரத்தோடு ஓடினேன். ஓடினேனே தவிர நேரே எப்படிக் கொடுப்பது? மகளிடம் நீட்டி, "இத வைக்கச் சொல்லு" என்றேன்.

"மாவும் வேணாம், பேஸ்டும் வேணாம். குழாய்த் தண்ணி போதும்மா" என்று அவள் அவரை பாத்ரூமுக்கு இழுத்துப்போய், காலைக் குழாய்க்கடியில் நீட்டவைத்து இருபது நிமிஷம் எழுந்திருக்க விடவில்லை. அவர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலில் தண்ணீர் ஓட ஓட, மீதிப் பேச்சையும் பேசி முடித்தார்.

வெளியே வந்ததும் மகளிடம் சொன்னார்: "இதோ பாரு. உனக்கு ஆச்சு, எனக்கு ஆச்சு. மூணாவது ஆளு யாராவது சுட்டுக்கிட்டா இது நேரா காயலாங்கடைக்குப் போயிடும். அத்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மகள் ஓவனின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

ஆனால் மூன்றாவது ஆளும் ஆகியாயிற்று. நான்தான். நாலு நாள் முன்னால் வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்கும்போது இடது மணிக்கட்டில் ஒரு கோடு வாங்கிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா கைல?" என்று கேட்டபோது, "எண்ணெய் தெறிச்சுடுச்சு" என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது வளையலைக் கீழே இறக்கி அந்தக் கோட்டை மூடினேன். இந்த வீட்டில் இனி ஒருவர் மேலும் சூடு படக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முடிவு செய்துவிட்டேன். ஆனால் சுட்டுக்கொள்ளக்கூடிய ஆளிடம்தான் எனக்குப் பேச்சே கிடையாது. காதில் போனோடு நடக்கிறவருக்கு ஃப்ரிட்ஜிடம் சொன்னாலும் கேட்காது.

முதலில் கதவின் கைப்பிடியில் கெட்டித் துண்டு ஒன்றைப் போர்த்தினேன். பொசுங்குகிற வாசனை வந்து மகளிடம் திட்டு வாங்கினேன். அடுத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "சூடு" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர், காலண்டரையா பார்ப்பார்? மறுநாள் அதுவே சுருண்டு கீழே விழுந்தது. நாற்காலியைக் குறுக்கே போட்டேன். அவர் அதைப் பத்திரமாக நகர்த்திவிட்டு, மேலே இருந்த காய்ந்த துணியையும் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

வழி கிடைத்தது ஒரு காலை நேரத்தில். பால்கனியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பால் வாங்கிக்கொண்டு போனில் பேசியபடி வருகிறார். கேட் வாசலில் வாட்ச்மேன் சம்சாரம் கோலம் போட்டிருந்தாள். இவர் தலையைக் குனியவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கால் மட்டும் தானாக ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒரு குதி குதித்து, கோலத்தைத் தாண்டிப் போயிற்று. அவர் கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்திருக்கிறது!

அன்றைக்கு மகள் ஓவனைச் சூடேற்றுவதற்கு முன்னால் நான் கதவைத் திறந்து, அதன் நுனி எதுவரை வருகிறது என்று தரையில் குறித்துக்கொண்டேன். அதற்கும் ஒரு சாண் தள்ளி அரிசி மாவில் ஒரு கம்பிக் கோலம். ஓவன் சூடேறினால் கோலம். ஆறினால் துடைப்பம்.

மாப்பிள்ளை போனோடு வந்தார். கோலத்தின் ஓரத்தில் கால் நின்றது. பிறகு எதிர்ச் சுவரோடு ஒட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து பால்கனிக்குப் போனார். திரும்பும்போதும் நண்டுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை வேண்டியிருந்தது.

மாவுக்கு எறும்பு வந்தது. எறும்புக்கும் சுடுமே என்று சாக்பீஸுக்கு மாறினேன்.

பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு ஆற்றோரத்தில்தான் வீடு இருந்தது. அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்ததில், இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வாய் மட்டும் களைத்ததே கிடையாது. முதல் நாள் கோலத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா, கேக்கு பொட்டிக்கு பூஜை போட்டுக்கினு கீறீங்க?"

"சூடா இருக்கும்போது யாரும் கிட்ட வரக்கூடாதுன்னுதான்."

"அத்த வாயால சொன்னா ஆவாதா? உங்க மாப்ளைக்கு காது நல்லாத்தான கீது."

"அவர்கிட்ட எப்படி..."

"ஆமா, அவரு கலெக்டரு. நீங்க தரையில மனு எழுதிக்கினு கீறீங்க."

சிரிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு மாசம் ஒருவருக்கும் ஒரு பொட்டு சூடு படவில்லை. ஓவன் இடத்தை விட்டு அசையவில்லை. மகள் தலையை வாரிக்கொண்டாள்.

தப்பு நான் செய்ததுதான். மார்கழி வந்தது. மயிலாப்பூர் மாட வீதியில் கலர்ப்பொடியைக் குவித்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் கை நிற்கவில்லை, ஐந்து கலர் வாங்கிவிட்டேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் சொல்லியிருந்ததால் ஓவன் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. வெறும் சாக்பீஸ் கோடு போதும். ஆனால் நான் தாமரை போட்டேன். தாமரை தனியாக இருந்ததால் இரண்டு பக்கமும் கிளி. கிளிக்கு மூக்குச் சிவப்பு. அவ்வளவு கலரையும் கொட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சூடான கதவு அதற்குப் பின்னால் இருப்பதே மறந்துபோயிற்று.

பதினோரு மணி இருக்கும். மகள் வாசலில் மேல்வீட்டு அம்மாவிடம் கேக் டப்பாவைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கிற அம்மா சிங்க்கில் இருந்தாள். நான் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பேச்சை முடித்துப் பால்கனியிலிருந்து திரும்பி வந்தவர், முதல் தடவையாகத் தரையைக் குனிந்து பார்த்தார்.

"அட!" என்றார். பிறகு வாஷிங் மெஷினைப் பார்த்து, "கோலம் பிரமாதமா இருக்கு" என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. தலையைக் குனிந்துகொண்டு அவரைக்காயை நறுக்கினேன். அவர் போட்டோ எடுக்க ஆரம்பித்தார். நின்று எடுத்தால் கிளி முழுதாக விழவில்லை போலிருக்கிறது. கோலத்தின் ஓரமாக நகர்ந்து நகர்ந்து ஓவன் பக்கமே போனார். இடது கையில் போன். உட்கார்ந்து எடுப்பதற்காக முட்டியை மடக்கினார். மடக்கிக்கொண்டே, விழாமல் இருக்கப் பிடிமானம் தேடி வலது கையை நீட்டினார். கை விரிந்து நேராக அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் போயிற்று.

மகள் வாசலில். ஃப்ரிட்ஜ் எனக்கு முதுகுப் பக்கம். திரும்பி நின்று அதனிடம் சொல்ல நேரமில்லை.

"டேய்! கைய எடுடா!"

என் சத்தம்தான். என் கூடப் பிறந்த தம்பியைக்கூட நான் அப்படி அதட்டியதில்லை. கை கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. பிடிமானம் போனதால் மாப்பிள்ளை தொப்பென்று ஒரு கிளியின் மேல் உட்கார்ந்தார்.

வாசலில் மேல்வீட்டு அம்மாவுக்கும் கேட்டிருக்கும். நான் கத்தியைப் போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினேன், முகத்தைக் கழுவினேன், மறுபடி கையைக் கழுவினேன். வெளியே பாத்திரம் தேய்க்கிற அம்மா குரல்: "பன்னெண்டு வருசமா வாயத் தொறக்கல. தொறந்தா டேய்யா!"

மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, வெளிய வா. அவர் சிரிச்சுக்கிட்டிருக்கார்."

"வாய் தவறி வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுடி."

"நீயே சொல்லு. எனக்கு இந்தத் தூது வேலை போதும்."

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், "அத்தை" என்று அவர் குரல். டிவியைப் பார்த்துச் சொல்கிற குரல் இல்லை, என்னிடமே சொல்கிற குரல். "கை சுடலை அத்தை. வெளிய வாங்க."

இதற்கு மேல் உள்ளே இருந்தால் அதுவும் மரியாதையில்லை. வந்தேன். அவருடைய டிராயரின் பின்பக்கம் ஒரு பச்சைக் கிளி முழுதாக ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று நான் தரையைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார். கழுவிய அவசரத்தில் வளையல் மேலே ஏறிப்போயிருந்தது.

"இது என்ன?"

மகள் எட்டிப் பார்த்தாள். தன் முன்கையில் இருக்கிற அதே கோடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகம் வெளுத்துப்போயிற்று. காயலாங்கடை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நாலு பேருக்கும் அதுதான் நினைப்பு.

சிங்க்கிலிருந்து குரல் வந்தது. "அதுவா சார், எண்ண தெறிச்சது. அப்பவே நான் கேட்டனே."

மாப்பிள்ளை கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் இப்படி நேர்கோடாவா தெறிக்கும் அத்தை?"

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அப்போதுதான் அவருக்குப் புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருப்பது தெரிந்தது.

"தெறிக்கும்" என்றேன்.

அவருக்கு உதட்டோரம் சிரிப்பு துடித்தது. "சரி. தெறிக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தச்சரைக் கூட்டிவந்து ஓவன் கதவுக்கு முன்னால், திறந்து மூடுகிற மாதிரி மரச்சட்டத்தில் ஒரு தடுப்பு அடித்துக் கொடுத்தார். ஆனாலும் நான் கோலத்தை விடவில்லை. சாக்பீஸ்தான், அதுவும் கோணல்மாணலாக. அழகாகப் போட்டால் ஆபத்து.

மற்ற விஷயங்களுக்கு இன்னும் ஃப்ரிட்ஜ்தான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா? ஆனால் கேக் வாசனை வந்தால், பால்கனிக்குப் போவதற்கு முன் ஹாலிலிருந்தே அவர் கேட்பார்.

"அத்தை, சூடா?"

"சூடு."

"டேய் இல்லையா?"

அதற்கு நான் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொள்வேன்.