விளிம்பு கட்டாத சுளகு

டீக் கிளாஸை இடது கையால் வாங்கி, வலது கையை அக்குளுக்குள் செருகிக்கொள்கிறான் தளவாய். குடித்து முடித்ததும் இடது கையும் மறு அக்குளுக்குள் போய்விடுகிறது. தாராவித் தோல் கொட்டகையில் ஒரு மாதமாக இதே காட்சிதான். மேஸ்திரி கரீம் பாட்சாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, பம்பாய் வெயில்ல உனக்கு மட்டும் குளுருதோ?" என்கிறார். தளவாய் இளிக்கிறான். சமாளிப்பதற்கென்றே அவனிடம் ஓர் இளிப்பு உண்டு.

அவை சும்மா இருக்கத் தெரியாத கைகள். நாரோ நூலோ எது அகப்பட்டாலும், அவன் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் முடைந்து முடிச்சுப் போட்டுவிடும். பஸ் டிக்கெட்டைக் கிழித்துக் குட்டிப் பெட்டி முடைந்துவிட்டு, செக்கரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். எல்லாம் அவனை வளர்த்த சீனியம்மாள் ஆச்சி கொடுத்துவிட்டுப் போன வித்தை. ஆச்சிக்குப் பேத்தி கிடையாது. அதனால் பெண்பிள்ளைகளின் ஓலை வேலை மீசைக்காரப் பேரனிடம் வந்து சேர்ந்தது.

அந்தக் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளையை முதன்முதல் படுக்கவைப்பது புதுச் சுளகில், பனையோலை முறத்தில். ஓலையை முன்கூட்டியே முடைந்து வைக்கலாம். விளிம்பை மட்டும் கட்டக்கூடாது. "புள்ள அழுத சத்தம் காதுல விழுந்தப்பொறவுதாம்ல வாயக் கட்டணும். முந்திக்கிட்டா வம்பு" என்பாள் ஆச்சி.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மனைவி தங்கமயிலுக்குத் தலைப்பிரசவம். ஜப்பான்காரனோடு சண்டை நடக்கும் காலம், ரயிலில் இடம் கிடைக்காததால் தாய்வீடு போகவில்லை. வலி எடுப்பதற்கு முந்தின நாள், வாசலில் யாருடனோ பேசிக்கொண்டே தளவாய் விளிம்பைக் கட்டிவிட்டான். வேண்டுமென்றல்ல; பழகிய கை, அது பாட்டுக்குக் கட்டிவிட்டது. அவிழ்த்தால் ஓலை கிழியுமே என்று அப்படியே விட்டான். பிள்ளை அழவே இல்லை. அந்தச் சுளகில் வைத்தே தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது தங்கமயிலுக்கு மறுபடியும் ஒன்பதாம் மாதம். கட்டிலுக்கடியில் விளிம்பு கட்டாத சுளகு இருக்கிறது. ஓலை நுனிகள் காய்ந்துவிடாமல் ஈரத்துணி சுற்றியிருக்கிறான். படுக்கும்போது தன் இரண்டு கைகளுக்கும் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிறான். கேட்டால், "தோல் ஊறப்போடுற சுண்ணாம்பு அரிச்சிட்டுளா" என்று மழுப்புகிறான். ஆறடி ஆள், தன் கையைக் கண்டே நடுங்குகிறான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பல்துறையில் ஏதோ வெடித்து, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தளவாய் வீட்டுக்கு ஓடினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற மனைவியைத் தாண்டிப் போய், கட்டிலுக்கடியில் குனிந்து சுளகைப் பார்த்தான். விளிம்பு கட்டாமல்தான் கிடந்தது. அப்புறம்தான் அவனுக்கு மூச்சே வந்தது.

"நான் இங்கன நிக்கேன். நீங்க அங்க எதப் பாக்கீய?" என்றாள் தங்கமயில்.

தளவாய் தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் கொட்டியது. "நாந்தாம்ளா நம்ம புள்ளையக் கொன்னுட்டேன். அழுகுறதுக்கு முந்தியே கட்டிட்டேன். அதுவாக் கட்டிருச்சு, இந்தப் பாழாப்போன கை."

அவள் அசையவில்லை. "எனக்குத் தெரியும். புள்ளைய எங்கிட்டக் காட்டும்போதே பாத்தேன். முடிச்சு காஞ்சுபோய்க் கெடந்துச்சு. அன்னைக்குக் கட்டுனதுன்னா ஈரமால்லா இருக்கும்."

"பொறவு ஏம்ளா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க தாங்கமாட்டீய."

அப்போது இரண்டாவது வெடி கேட்டது. அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. தெருவில் யாரோ முருகா முருகா என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். தங்கமயில் மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வலது கையை அக்குளிலிருந்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. தளவாய் கையை எடுத்துவிடவில்லை. ஐந்து விரல்களையும் இறுக மடக்கி, நகம் உள்ளங்கையில் பதிய, முஷ்டியாக்கிக்கொண்டான்.