உப்புக்கோட்டையின் மூன்றாம் பாகம்

பேச்சித்தாய் படித்த புத்தகங்கள் அத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் அவளை உயிரோடு பார்த்தது இரண்டே தடவைதான். சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். ஊரில் சங்கரசுப்பு அண்ணாச்சி என்பார்கள்.

பேச்சித்தாய்க்கு இருதயத்தில் கோளாறு. எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். அக்கா முத்துத்தாய் தையல் கடைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுப்பவள். கடையில் துணியைக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வருவாள். புத்தகம் எடுத்துப் போய்த் தங்கைக்கு வாசித்துக் காட்டுவாள்.

சமூக நாவல், துப்பறியும் கதை எதுவும் அங்கே செல்லுபடியாகாது. மந்திரவாதி வேண்டும், பாதாளம் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பேசும் குதிரையாவது வேண்டும். நல்ல குடும்பக் கதை ஒன்றை ஒருநாள் நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. குடும்பக் கதைதான் நம்ம வீட்டுலயே நடக்குதேங்கா அவ" என்று முத்துத்தாய் சிரித்தாள்.

எடுத்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டுவருவாள். தங்கை சொல்லச் சொல்ல அக்கா எழுதியது. புத்தகத்தின் பெயர், முடித்த தேதி, பக்கத்தில் ஒரு வரி தீர்ப்பு. 'இந்த மந்திரவாதி சுத்தச் சோம்பேறி.' 'ராட்சசன் நல்லவன், ராஜாதான் மோசம்.' அவள் வருவதற்காகக் காத்திருந்து அந்த நோட்டை வாங்கிப் படிப்பேன். என் கடைப் புத்தகங்களை நான் முதல் பத்துப் பக்கம் தாண்டி வாசித்ததில்லை. ஆனால் எல்லாம் கரைத்துக் குடித்தவன் மாதிரி ஊரில் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலுக்குப் பாதிச் சரக்கு இந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

பேச்சித்தாய்க்கு ஒரு பிடிவாதம். முடிக்காத புத்தகத்தை நோட்டில் எழுத மாட்டாள். அதை எழுதாமல் அடுத்த புத்தகத்தைத் தொடவும் மாட்டாள்.

1979இல் மூன்று பாகத்தில் ஒரு நாவல் வந்தது, உப்புக்கோட்டைச் சகோதரிகள். அக்காவை ஒரு சூனியக்காரி உப்புச் சிலையாக்கிவிடுகிறாள். அவளை மீட்கத் தண்ணீர் தேடித் தங்கை பாதாளத்துக்குப் போகிறாள். இரண்டாம் பாகம் அவள் கிணற்றில் இறங்குவதோடு நின்றது. மூன்றாம் பாகம் கடைக்கு வந்த வாரம் ஆடித்தபசுத் திருவிழா. சிவகிரியிலிருந்து வந்த என் மச்சினன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சிவகிரி என்ன சீமையா? பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் பெண்ணெடுத்த வீட்டில் போய் ஒரு புத்தகத்தைக் கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது? அவனாகக் கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

முத்துத்தாய் வாராவாரம் வந்தாள்.

"மூணாம் பாகம் வந்துட்டா அண்ணாச்சி?"

"வெளியே போனது இன்னும் திரும்பி வரலை மக்கா. வேற எடுத்துட்டுப் போயேன்."

"அவ தொட மாட்டாளே."

ஆவணி போய், புரட்டாசியும் போனது. ஐப்பசியில் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்தாள். "அண்ணாச்சி, நீங்க வாசிச்சிருப்பீயல்லா, கதையை மட்டும் சொல்லுங்க. நான் புஸ்தகத்துல வாசிச்ச மாதிரியே போய்ச் சொல்லிருதேன். அவளுக்கு இப்பம் ரொம்ப முடியலை" என்றாள்.

வாசிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குக்கூட என் நாக்கு வளையவில்லை. தங்கை ஜெயித்தாள் என்றால் எப்படி ஜெயித்தாள், தண்ணீர் எங்கே கிடைத்தது என்று குடைவாளே, செத்துப்போனாள் என்றால் கேள்வி அதோடு நிற்கும் என்று கணக்குப் போட்டேன். "தங்கச்சிக்காரி கிணத்துக்குள்ளயே செத்துப்போறா மக்கா. அக்கா கடைசி வரைக்கும் உப்புச் சிலைதான்" என்றேன்.

யாரிடம், யாருக்காக என்ன சொல்கிறோம் என்று புத்தியில் உறைக்கவே இல்லை. முத்துத்தாய் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். கேட்டவளையே கலங்க வைக்கிற அளவுக்குக் கதை சொல்லியிருக்கிறோம் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதன்பிறகு அவள் வரவில்லை. மார்கழியில் பேச்சித்தாய் இறந்துபோனாள். துஷ்டி கேட்கப் போய், வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆடித்தபசுக்கு மச்சினன் வந்தபோது புத்தகமும் வந்தது. "நல்ல முடிவு அத்தான்" என்று மேசைமேல் போட்டான். அன்றைக்குத்தான் வாசித்தேன். தங்கை சாகவில்லை. தண்ணீரோடு ஏறி வருகிறாள். அக்காவின் கால் விரலிலிருந்து உப்புக் கரைகிறது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு முத்துத்தாய் வீட்டுக்குப் போனேன். மடியில் ஒரு சட்டையை வைத்துக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு மெதுவாக வாசித்து முடித்தாள்.

"அப்பம் அன்னைக்கு நீங்க சொன்னது?"

"நான் வாசிக்கலை மக்கா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

நோட்டை எடுத்துக் கடைசியாக எழுதிய பக்கத்தைக் காட்டினாள். வைகாசியில் முடித்த புத்தகத்தோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"தங்கச்சி செத்துப்போறான்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன் அண்ணாச்சி? கேக்கும்போதெல்லாம் புஸ்தகம் இன்னும் வரலைன்னுதான் சொன்னேன். போறதுக்கு முந்தின நாளும் கேட்டா. நீங்க கட்டுன கதைதான்னு தெரிஞ்சிருந்தா, அந்தத் தங்கச்சியப் பொழைக்க வச்சு நானே ஒண்ணு கட்டிச் சொல்லிருப்பேன்லா."