பின்மூடியைத் திறந்தவன்

சந்தேகம் என் கூடப்பிறந்தது. அதற்குத் தீனி போட்டது, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட தங்க வாட்ச். காகிதம்போல மெல்லிசு, தோல் வார். அதைக் கட்டிக்கொண்டு வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பகல் நின்றேன். வேர்வை இறங்கி, கண்ணாடிக்குள் பனி மூடி, முள் நின்றுபோனது. அன்றிலிருந்து விலை கூடிய வாட்ச் எதையும் நான் நம்புவதில்லை.

துபாயில் வெல்டிங் வேலை பார்க்கும் மச்சினன் ஒரு லீவில் வந்து, கடலில் முங்குகிறவர்கள் கட்டுகிற கனத்த இரும்பு வாட்ச் ஒன்றை என் கையில் மாட்டிவிட்டான்.

"இதைக் கழட்டவே வேணாம் மச்சான். திராட்சைக் கொத்தை மருந்துல முக்குறப்பக்கூட ஒண்ணும் ஆகாது."

வெல்டருக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்? டூப்ளிகேட்டாகத்தான் இருக்கும் என்று மனசு அரித்தது.

என் திராட்சைத் தோட்டத்தில் பிஞ்சுக் கொத்துகளை ஒவ்வொன்றாக மருந்துக் குவளையில் முக்கி எடுக்கிற வாரம் வந்தது. வேண்டுமென்றே கழற்றவில்லை. மூன்று நாள் மணிக்கட்டுவரை மருந்தில் ஊறியது. பந்தல் கல்தூணில் நாலு தடவை இடித்தது. ஒரு பொட்டு ஈரம் உள்ளே போகவில்லை. நிம்மதி வரவேண்டியவனுக்குச் சந்தேகம்தான் கூடியது. இப்படி உழைக்கிறதே, இதில் என்ன சூது?

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "எந்தம்பி வெயில்ல வெந்து வாங்குனது. நீங்க சந்தேகப்படுறீகன்னு தெரிஞ்சா அவன் மனசு விட்டுப்போகும், சொல்லிட்டேன்."

கேட்டேனா? தேனிக்கு பஸ் ஏறினேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் திறக்க வேண்டாம் என்றார். இவரும் எதையோ மறைக்கிறார் என்று அடம்பிடித்துப் பின்மூடியைத் திறக்க வைத்தேன்.

"அசல்தாண்ணே. ஆனா தண்ணியைத் தடுக்குறதே இந்த ரப்பர் வளையம்தான். தொறந்தா இதை மாத்தி, அழுத்தம் வச்சு சோதிக்கணும். அதுக்கு இங்கன மிஷின் இல்ல. இனிமே தண்ணி படாமப் பாத்துக்கங்க."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா?"

"வேணாம்னுதானே சொன்னேன். நீங்க எங்க நம்புனீக?"

மதுரைக்குக் கொண்டுபோய் வளையத்தை மாற்றலாம் என்று நாளைக் கடத்துவதற்குள் மச்சினன் அடுத்த லீவில் வந்துவிட்டான். மறுநாள் மதியம் தோட்டக் கிணற்றில் முதலில் குதித்தவன் அவன்தான்.

"வாங்க மச்சான், அப்படியே குதிங்க!"

நான் வாட்ச்சைக் கழற்றி மோட்டார் ரூம் படியில் வைத்தேன். தண்ணீருக்குள் இருந்தவன் சிரிப்பு அடங்கிப் போனது.

"நம்பலையா மச்சான்?"

"சத்தியமா நம்புறேன் மாப்ள. அசல்னு தேனியில தொறந்து பாத்தே சொல்லிட்டாக."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் படியேறி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தான். வாட்ச் படியில் ஓடிக்கொண்டிருந்தது.