பெங்களூர் காற்றும் இறால் குளமும்

தொண்ணூறுகளில் பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி, இறால் குளத்துத் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் மீட்டர்களைச் செய்தது. "நம்ம பெங்களூர் காத்து வேற எங்க கிடைக்கும்?" என்று முதலாளி அடிக்கடி பெருமைப்படுவார்.

ஒருநாள் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். "மீட்டர் நல்லாத்தான் காட்டுது சார். ஆனா இறாலெல்லாம் மூச்சு முட்டி மேல வந்து மெதக்குது."

"இறாலுக்கு என்ன தெரியும்? மீட்டர் கரெக்ட்," என்றார் முதலாளி.

எனக்கு எரிச்சலாக வந்தது. மூச்சு முட்டுவது மீட்டருக்கா, இறாலுக்கா?

யோசித்ததும் விளங்கியது. பெங்களூர் மேட்டில் இருக்கிறது; இங்கே காற்று லேசு, ஆக்சிஜனும் குறைவு. மீட்டர்களைக் காற்றில் வைத்துத்தான் அளவு சரிசெய்வோம்; இந்த லேசான காற்றையே கடலோரக் காற்றாக எண்ணிச் சரிசெய்து அனுப்பியிருந்தோம். அதனால் குளத்தில் இல்லாத ஆக்சிஜனையும் அவை காட்டின.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சார், இந்தக் காத்து வேற எங்கயும் கிடைக்காதுதான். அதான் பிரச்சனையே."