இரண்டு மணி நேரத் தூரம்

விமான நிலையத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் இருந்தது. போனில் அக்காவிடம், "இங்க பேய் மழைக்கா, நாலு நாளைக்குப் பிளைட் எல்லாம் கேன்சல்" என்றேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை... ஒரு சொட்டு மழை இல்லை.

"அய்யோ! அப்பா உன் பேரைத்தானேடா சொல்லிக்கிட்டிருக்காரு. டாக்டர் கையை விரிச்சிட்டாரு. இப்ப எப்படிடா வருவே?"

"கப்பல் இருக்குக்கா. இன்னைக்கே ஏறிடறேன். கடல்ல சிக்னல் கெடைக்காது, போன் பண்ணாதே."

போனை அணைத்துவிட்டேன்.

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். கப்பலென்றால் மூன்று நாள். கப்பலில் ஏறிவிட்டேன் என்று சொன்னவனை அதுவரை யாரும் தேடமாட்டார்கள். தீவில் பிழைக்கிறவன் எவனுக்கும் இது தெரியும்.

அக்கா வீட்டுக்காரர்தான் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். வாசல்வரை போனேன். பிறகு ஏன் திரும்பினேன்?

அப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடிவந்தவன் நான். ஹேவ்லாக்கில் விடுதியொன்றில் பாத்திரம் கழுவினேன். புரோத்ராபூரில் பாக்குத் தோப்பில் கிடந்தேன். எங்கும் நிலைக்கவில்லை. "ஒரு தடவை வந்துட்டுப் போயேம்பா" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், "தூரம்ப்பா, நடுவுல கடல் கெடக்கு" என்பேன். அவரும் நம்பினார்.

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இவ்வளவுதானா! இதையா தூரம் என்றாய் என்று அவர் கேட்டால்? கேட்கமாட்டார்... கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டால்? இரண்டு மணி நேரத்துக்குள் எந்த முகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு அவர்முன் போய் நிற்பேன்?

மூன்றாம் நாள் போனை மறுபடி போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. கப்பல் பழுதாகிப் பாதியில் திரும்பிவிட்டது என்று இன்னொரு பொய்யும் சொன்னேன்.

"கடைசி வரைக்கும் 'கப்பல் எங்க வந்திருக்கும்'னு கேட்டுக்கிட்டே இருந்தாருடா" என்று அக்கா அழுதாள். "நீ என்ன பண்ணுவே, நடுக்கடல்ல மாட்டிக்கிட்டே... மனச விட்டுடாதே."

என்னைத் தேற்றினாள்... என்னை! இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுகூட இல்லை. முதல் பொய்யைச் சொன்னதற்கு மறுநாள் காலை...

அபர்டீன் பஜாரில் தேநீர்க் கடையோரம் நின்றிருந்தேன். ஓர் ஓட்டல் வேன் ஓட்டுநர் தலையை நீட்டினார். "க்யா பாய், வேலையில்லாம சும்மா நிக்கிறே? காம் வேணுமா? ஏர்போர்ட்டுக்குப் பெட்டி தூக்கணும், சலோ!"

ஏறிக்கொண்டேன்.

நேற்றுத் திரும்பிய அதே வாசல். அன்றைக்கும் சென்னைக்கு விமானம் இருந்தது. அங்கே அப்பாவுக்கு இன்னும் உயிர் இருக்கலாம்... அது எனக்குத் தெரியும். அணைத்த போன் சட்டைப்பையில் கிடந்தது.

பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கினேன். முதன்முறை விமானம் ஏறப்போகும் ஓர் அம்மா பயந்துபோய்க் கேட்டார்: "மெட்ராஸ் ரொம்பத் தூரமாப்பா?"

"பக்கந்தாம்மா" என்றேன். "ரெண்டு மணி நேரம்."

அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.