கறுப்புக் கன்றின் முதல் எடை

காலை 7.40. பதுளை பஸ் நிலையத்தில் ஸ்பிரிங்வெளி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டணம் எண்பது ரூபாய். மாத்தளையிலிருந்து முந்திய நாளே வந்து, கடைவீதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எழுபத்து நான்கு வயதில் இந்த வளைவுகளில் ஏறுவது முதுகுக்கு நல்லதல்ல. பையில் மாற்றுவேட்டி, ஒரு பழைய எடை நோட்டு, மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளக்கும் நாடா. அவ்வளவுதான்.

பக்கத்தில் வெங்காய மூட்டையோடு இருந்த பெண் கேட்டார்: "யார பாக்கப் போறீங்க?"

"மாரியாயின்னு ஒருத்தங்கள. அவங்க மாட்டையும்."

"வாங்கவா?"

"இல்லம்மா, சும்மா பாக்க."

"மாட்டச் சும்மா பாக்க பஸ் ஏறி வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார்.

சும்மா பார்க்க அல்ல. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் கால்நடை அலுவலர். தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு இறைச்சிக்கு வளர்க்கும் காளைக்கன்றுகளையும் அவற்றுக்குத் தீனியாகப் புண்ணாக்கையும் கொடுக்கும் திட்டம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மாரியாயிக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளை பிரீசியன் கலப்புக் கன்று. பசறைக்கு அருகே ஒரு மாட்டுப்பட்டியில் எடை போட்டோம். தராசு 98 கிலோ காட்டியது. கன்றின் மூக்கு ஈரமாயிருந்தது, வயிறு மத்தளம் போல் இருந்தது. எடை கூட்டிக் காட்ட, விற்றவர்கள் உப்பு நக்கவிட்டுத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். பகலுக்குள் முப்பது கன்றுகளை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, காலையில் தண்ணீர் காட்டுமுன் அதே கன்றை நிறுத்தேன். 101. கூடியது மூன்றே கிலோ. என் அட்டவணைப்படி அந்த இனம் நாற்பது கிலோவாவது கூடியிருக்க வேண்டும். மறுநாள் பெரட்டில், அதாவது அதிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், இருநூறு பேர் முன்னால் மாரியாயியைக் காட்டிச் சொன்னேன்: "மூன்று மாதத்தில் மூன்றே கிலோ. புண்ணாக்கை விற்றுத் தின்றால் கன்று எப்படி வளரும்?" அன்றே கன்றையும் திருப்பி எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் வேறொரு தொகுதிக் கன்றுகளை ஒரே இரவு இடைவெளியில் இரு முறை நிறுத்தபோது, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து கிலோ காணாமல் போயிருந்தது. எல்லாம் தண்ணீர். மாரியாயி மேல் தவறில்லை என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் பேசாமல் இருந்தேன்.

காலை 8.50. பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். மாரியாயி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தார். அவர் கணவர் செல்லையா மாட்டுக் கொட்டகையில் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கத்தி நின்றது.

"கன்னுக்குட்டி ஐயாவா? தலை நரைச்சிருச்சு, அடையாளம் தெரியல. உக்காருங்க. அவ வந்து ஏசுவா, அதுக்கு முன்னாடி பிளேன்டீ குடிச்சிருங்க."

கொட்டகையில் இரண்டு காளைக்கன்றுகள். ஒன்று கறுப்பு வெள்ளை, நெடிய கால். மற்றது சிவப்பு, திமில் எழும்பிய சாஹிவால் கலப்பு. என் தொழில்புத்தி அடங்கவில்லை. நாடாவை எடுத்தேன். கறுப்பு 165 கிலோவுக்கான அளவு காட்டியது, சிவப்பு 160. வரும்போது எவ்வளவு என்று கேட்டேன். செல்லையா சுவரைக் காட்டினார். கரித்துண்டால் எழுதியிருந்தது: கறுப்பு 88, சிவப்பு 104. ஐந்து மாதம்.

பிற்பகல் 1.15. மாரியாயி வந்தார். என்னைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார்.

"இப்ப மட்டும் நாடா கொண்டாந்திருக்கீங்க."

"ஆமாம்மா. அன்னைக்குக் கொண்டு வரல."

"வயித்துத் தண்ணி தராச ஏமாத்தும். நெஞ்சைச் சுத்தி அளந்தா அவ்வளவா ஏமாத்தாது. எனக்கு யாரும் சொல்லித் தரல. ரெண்டு கன்னு வாங்கி ஏமாந்தேன், மூணாவதுல தெரிஞ்சுச்சு. இப்ப எந்தக் கன்னு வந்தாலும் ரெண்டு நாள் கட்டி வச்சு, அப்புறந்தான் செவத்துல எழுதுவேன்."

பின்தங்கி வந்த கறுப்பு எப்படி முந்தியது என்று கேட்டேன்.

"கறுப்பன் பெரிய எலும்பு. பால் இல்லாம வளந்தது. மொத மாசம் ஒண்ணும் ஏறல. புண்ணாக்கு விடாம போட்டேன், அப்புறம் ஓடுனான். போடாட்டி எலும்பாவே நிப்பான். சிவப்பன் அப்படியில்ல. பாதி தீனியிலயும் மெதுவா ஏறிக்கிட்டே இருப்பான். எந்த சாதிக் கன்னு, எந்த எடையில வந்துச்சு, ரெண்டையும் பாக்கணும். நீங்க சாதிய மட்டும் பாத்தீங்க."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தக் கன்றின் உண்மையான முதல் எடை எண்பதுக்குச் சற்று மேல்தான் இருந்திருக்கும், அவர் அதை இருபது கிலோவுக்குக் கிட்ட ஏற்றியிருக்கிறார், பழி என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கைகழுவிக்கொண்டே சொன்னார்: "இத எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. எங்க வச்சு சொன்னீங்களோ அங்க போய் சொல்லுங்க."

"பெரட்டுலயா?"

"பெரட்டுலதான்."

செல்லையா என்னைக் கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கச் சொன்னார். "கறுப்பன் குறட்டை விடுவான், பயப்படாதீங்க" என்றார்.

மறுநாள் காலை 6.30. மூடுபனி இன்னும் விலகவில்லை. பெரட்டுக் களத்தில் எழுபது பேருக்கு மேல் இல்லை. பாதிப்பேர் அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். வேலை பிரித்துக்கொண்டிருந்த வெளிக்கள உத்தியோகத்தரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். மூன்று கிலோ என்று நான் சொன்னது பொய்க்கணக்கு, தண்ணீரை எடை போட்டேன், மாரியாயி புண்ணாக்கு விற்கவில்லை, அது தெரிந்தும் இருபத்தோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு வயதான பெண் மாரியாயியைப் பார்த்து, "அப்ப நீ விக்கவே இல்லையாடி?" என்றார்.

"அன்னைக்கே தொண்டை கிழிய சொன்னேன். நீதான சிரிச்ச?" என்றார் மாரியாயி. அந்தப் பெண் தலை குனிந்துகொண்டார்.

பிறகு மாரியாயி என் பக்கம் திரும்பினார். "ஐயா, எங் கயிறு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மாட்ட வித்தாலும் குடுத்தாலும் எங்க கயித்த அவுத்து வச்சுக்கிட்டு, வாங்குறவங்க கயித்தத்தான் போடுவோம். நம்ம கயிறு மாட்டோட போகாது. உங்காளுங்க கயித்தோட இழுத்துக்கிட்டுப் போனாங்க. நான் பின்னாலயே ஓடி வந்தேன். நீங்க ஜீப்புக்குள்ள உக்காந்து எழுதிக்கிட்டிருந்தீங்க."

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை. பசறைப் பட்டியில் கழற்றி எறிந்த கயிறுகளோடு அதுவும் கிடந்திருக்கும்.

அவர் தலையசைத்தார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

காலை 8.05. பதுளை பஸ். மாத்தளையில் என் வீட்டில் அந்தக் கால எடை நோட்டுகளில் மற்றவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கையிலிருந்த நோட்டில் 98 என்பதை அடித்து 83 என்று எழுதினேன். பக்கத்தில் கயிறு என்று எழுதினேன். அதற்கு எதிரே எழுத என்னிடம் ஒன்றுமில்லை.